சீனாவிலிருந்து வரும் வாசல் கேட்டுக்கு வரி போட்டால் என் பட்டறை பிழைக்குமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பக்கம் செம்பனையும் மறுபக்கம் ஒற்றைக் கடைவரிசையுமாக இருக்கும் ஒரு தோட்டப்புறச் சிறுநகரத்திலிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 52. ரப்பர் பால்வெட்டுக் குடும்பம். தோட்டம் செம்பனைக்கு மாறி லயங்கள் உடைபட்டபோது பட்டணத்துக்கு வந்து வெல்டிங் கற்றுக்கொண்டவர். 19 ஆண்டுகளாகச் சொந்தப் பட்டறை நடத்துகிறார். வீட்டு கேட், ஜன்னல் கிரில், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் செய்வார். நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறார்: இருவர் உள்ளூர், இருவர் வங்காளதேசத்தவர்.

முன்பு மாதம் எட்டு கேட் போனது, இப்போது நான்கு. ஈப்போவில் ஒரு பெரிய கடை சீனாவிலிருந்து வரும் அலுமினிய கேட்டை, மாட்டும் கூலியும் சேர்த்து 2,600 வெள்ளிக்குத் தருகிறது. இவருடைய இரும்பு கேட் 3,800. “நான் ஐந்து நாள் வெட்டி, ஒட்டி, சாயம் அடித்து முடிக்கிறேன். அவன் லோரியில் கொண்டுவந்து இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போகிறான்” என்று எழுதியிருக்கிறார். அதே நேரத்தில் இரும்பு விலையும் ஏறிவிட்டது. ஒரு கேட்டுக்கு 1,500 வெள்ளிக்கு வாங்கிய இரும்பு இப்போது 1,725. கேட்டால் இரும்புக் கடைத் தவுக்கே, “கவர்மெண்ட் டியூட்டி” என்கிறாராம்.

இந்த நிலையில் ஒருவர் பட்டறை பட்டறையாக வந்து, சீன கேட்டுக்குக் கடுமையான வரி போடச் சொல்லி மனு தயாரிப்பதாகக் கூறி, கையெழுத்தும் 500 வெள்ளியும் கேட்கிறார். வரி எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வாசகர், வீட்டை அடமானம் வைத்து 90,000 வெள்ளி கடன் வாங்கப் போகிறார். புது வெட்டு இயந்திரமும் இரும்புச் சரக்கும் வாங்க வேண்டுமாம். மாதத் தவணை 1,400, ஏழு ஆண்டு. மனைவி சம்மதிக்கவில்லை. போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பியோ, “வரியே கூடாது, எல்லாவற்றையும் திறந்துவிட்டால்தான் நாடு உருப்படும்” என்று தீபாவளியன்று சாப்பாட்டு மேசையில் சொல்லப்போய், அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மகள் தைப்பிங் பக்கம் ஒரு கையுறை ஆலையில் வேலை செய்கிறார்.

கேள்விகள் மூன்று. கையெழுத்துப் போடலாமா? கடன் வாங்கலாமா? நான் சொல்வது சரியா, தம்பி சொல்வதா?

ஐயா, மூன்றாவது கேள்வியைத்தான் நீங்கள் அதிகம் அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது இரண்டாவது. ஆனாலும் வரி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கடனைப் பற்றிப் பேச முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் வருமானம் குறைந்ததற்கு நீங்கள் காரணமில்லை. ஆசியான் நாடுகளும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 2005-லிருந்து இறக்குமதி வரிகள் இறங்கத் தொடங்கின. 2010-லிருந்து பெரும்பாலான பொருள்களுக்கு வரி சுழியம். பிறகு 2022 மார்ச்சில் சீனாவும் சேர்ந்த ஆர்.சி.இ.பி. வாணிப ஒப்பந்தமும் நமக்கு நடப்புக்கு வந்தது. இவற்றால் நாட்டுக்கு லாபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மேசையிலும் உங்களைப் போன்ற பட்டறைக்காரருக்கு நாற்காலி போடப்படவில்லை. பொருளாதாரப் புத்தகங்களில் ஒரு வாசகம் வரும்: வாணிபத்தில் வென்றவர்கள் தோற்றவர்களுக்கு ஈடு கொடுக்கலாம், கொடுத்த பிறகும் அவர்களிடம் மிச்சம் இருக்கும். கணக்கு சரிதான். “கொடுக்கலாம்” என்பதற்கும் “கொடுத்தார்கள்” என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், சீனச் சரக்கு வந்து குவிந்த அமெரிக்க ஊர்களை ஆராய்ந்தார்கள். போன வேலைக்கு ஈடாக வேறு வேலை தானாக வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை அங்கே பொய்த்தது. பத்து ஆண்டு கழித்தும் அந்த ஊர்கள் எழவில்லை. ஆகவே உங்கள் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது. மருந்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வரியைக் கட்டுவது யார்?

“சீனாக்காரன் கட்டட்டும்” என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பலருக்கும் இந்த எண்ணம் உண்டு, ஆனால் நடப்பது வேறு. கண்டெய்னர் துறைமுகத்தில் இறங்கியதும் சுங்கத்துறைக்குப் பணம் கட்டுவது இங்குள்ள இறக்குமதியாளர். அவர் அதைக் கடைக்காரர் தலையிலும், கடைக்காரர் வாங்குபவர் தலையிலும் வைப்பார். விற்பனை போய்விடுமே என்று பயந்து சீனத் தொழிற்சாலை தன் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும் உண்டு, ஆனால் பெரும்பங்கு நம் ஊர் வாங்குபவரிடம்தான் வந்து நிற்கும்.

இதற்கு நன்றாக அளந்து பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2018-ல் அமெரிக்கா இறக்குமதித் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு வரி போட்டது. விலை சுமார் 12 விழுக்காடு ஏறியது. உள்நாட்டில் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை, தங்கள் விலையையும் ஏற்றினார்கள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே இல்லை. ஆனால் இரண்டையும் ஜோடியாக விற்பதால் அதன் விலையும் சேர்ந்து ஏறியது. உள்நாட்டில் கிடைத்த புதிய வேலைகள் சுமார் 1,800. ஒவ்வொரு வேலைக்கும் அமெரிக்க மக்கள் கூடுதல் விலையாகக் கொடுத்தது ஏறத்தாழ 8,15,000 டாலர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் பணத்தை வேலை இழந்தவர் கையிலேயே கொடுத்திருந்தால் அவர் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.

உங்கள் ஊரில் சீன கேட் வாங்குபவர் யார் என்றும் பாருங்கள். பங்களா கட்டுபவர் எப்போதும் உங்களிடம்தான் வருவார், அவருக்குத் தன் விருப்பப்படி வளைவும் பூவேலையும் வேண்டும். 2,600 வெள்ளி கேட்டுக்குப் போவது, தரை வீட்டை அரும்பாடுபட்டு வாங்கிய தோட்டத்துப் பிள்ளைகள். கேட் 3,500 ஆனால் அவர்கள் எல்லாரும் உங்களிடம் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் பழைய கேட்டுக்குச் சாயம் அடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

உங்கள் கேட்டின் கணக்கு

இனி நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். சீன கேட் துறைமுகத்தில் இறங்கும் விலை 1,100 வெள்ளி இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இறக்குமதி வரி இந்த 1,100-க்குத்தான், கடையில் ஒட்டியிருக்கும் 2,600-க்கு அல்ல. மீதி 1,500 வெள்ளி கடை வாடகை, லோரி, மாட்டும் கூலி, லாபம். இவை எதன் மீதும் இறக்குமதி வரி விழாது.

அரசு 30 விழுக்காடு வரி போடுகிறது என்று வையுங்கள், இது சாதாரண வரி அல்ல. 330 வெள்ளி கூடும், கேட் 2,930 ஆகும். உங்களுடையது 3,800. இன்னும் 870 இடைவெளி. இரண்டும் ஒரே விலையில் நிற்க வேண்டுமானால் வரி கிட்டத்தட்ட 109 விழுக்காடு இருக்க வேண்டும். அப்படி ஒரு வரி வருமென்று நம்பி யாரும் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுக்கக்கூடாது.

இப்போது கணக்கின் மறுபக்கத்துக்கு வாருங்கள், கடிதத்தில் நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோன பக்கம். இரும்பு விலை ஒரு கேட்டுக்கு 225 வெள்ளி ஏறியது. தவுக்கே சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மலேசியாவின் இரும்பு ஆலைகள் பல ஆண்டுகளாகப் பாதுகாப்புக் கேட்டுப் பெற்று வருகின்றன. 2017-ல் கட்டுமான இரும்புக் கம்பிக்கு மூன்றாண்டுப் பாதுகாப்பு வரி போடப்பட்டது. 2025-ல் சீனா, தென்கொரியா, வியட்நாம் நாடுகளிலிருந்து வரும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சுருள்களுக்கு டம்பிங் (சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே விற்பது) தடுப்பு வரி வந்தது. ஏறிய 225-ம் வரியால்தான் என்று சொல்ல முடியாது. நாணய மாற்று விலை, போக்குவரத்து, தவுக்கேயின் லாபம் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு பேச்சுக்கு முழுவதும் வரி என்றே வைத்தால், கேட்டுக்கு வரும் வரி உங்களுக்கு 330 வெள்ளி தூரம் உதவுகிறது, இரும்புக்கு ஏற்கெனவே வந்த வரி 225 வெள்ளி பின்னால் இழுக்கிறது. மிச்சம் 105.

ஐயா, இந்த 105 வெள்ளிதான் உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல வந்த பதில். வரி என்ற வேலிக்குள் நீங்கள் இன்றைக்கே இருக்கிறீர்கள். ஆனால் அது உங்களுக்கு மேலே இருக்கும் இரும்பு ஆலைக்காகக் கட்டிய வேலி. அவர்கள் சில பெரிய நிறுவனங்கள். வழக்கறிஞர், கணக்காளர், சங்கம் எல்லாம் அவர்களுக்கு இருக்கிறது. இரும்பை வாங்கி வேலை செய்யும் பட்டறைகள் ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பட்டறைக்கு மாதம் சில நூறு வெள்ளி நட்டம், அதற்காக யார் கோலாலம்பூருக்கு பஸ் ஏறுவார்? பாதுகாப்பு வரிகள் எங்கும் இப்படித்தான் முளைக்கின்றன: லாபம் சிலருக்குக் கண்ணுக்குத் தெரியும்படி, செலவு பலருக்குக் கண்ணுக்குத் தெரியாதபடி.

மலிவு வேறு, டம்பிங் வேறு

மனுவைக் கொண்டுவந்தவர் “இது டம்பிங், சட்டத்திலேயே இருக்கிறது” என்றாராம். சட்டம் இருப்பது உண்மை, 1993-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் மலிவாக விற்பது மட்டும் டம்பிங் ஆகாது. சீனாவில் தன் சொந்தச் சந்தையில் விற்கும் விலையைவிடக் குறைத்து இங்கே ஏற்றுமதி செய்கிறார்கள், அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான சேதம், அந்தச் சேதத்துக்கு இந்த இறக்குமதியே காரணம் என்று மூன்றையும் எண்களோடு காட்ட வேண்டும். மனுவை ஆதரிக்கும் உற்பத்தியாளர்கள் சேர்ந்து அந்தப் பொருளின் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் குறைந்தது கால்பங்கையாவது செய்பவர்களாக இருக்க வேண்டும். மிட்டி என்று நாம் சொல்லும் முதலீடு, வாணிபம், தொழில்துறை அமைச்சுதான் விசாரிக்கும். வரி வந்தாலும் ஐந்தாண்டுக்குத்தான், அதற்குமேல் மறுஆய்வு.

இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்களுடையது அலுமினியம், உங்களுடையது இரும்பு. இரண்டும் “ஒத்த பொருள்” தானா என்பதே ஒரு வழக்கு. வரி ஒரு நாட்டின் பெயரில் வந்தால், அதே கேட் பக்கத்து நாடு ஒன்றில் பொருத்தப்பட்டு வேறு முகவரியோடு வந்து இறங்கும். இரும்பு வழக்குகளில் நாட்டுப் பட்டியல் நீண்டுகொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு நினைத்தால் நாளைக்கே வரி போடலாம் என்ற உங்கள் நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட பிறகு, டம்பிங் தடுப்பு வரி, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான பாதுகாப்பு வரி போன்ற சில குறுகிய வாசல்கள்தான் மிச்சம். இணையத்தில் வரும் பொருளுக்கு வரியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் பழைய கதை. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி விற்கப்படும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது.

ஆகவே கையெழுத்து விஷயத்தில் என் கருத்து இது. கையெழுத்துப் போடுவது உங்கள் உரிமை, தடுக்க மாட்டேன். 500 வெள்ளி கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மனு எந்தச் சங்கத்தின் பெயரில் போகிறது? பொருளின் வரையறை எழுத்தில் இருக்கிறதா? எந்த வழக்கறிஞர் தாக்கல் செய்கிறார்? பதில் மழுப்பலாக இருந்தால் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

நம் ஊர் ஏற்கெனவே கட்டிப் பார்த்த வேலி

என் தாத்தா உங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில்தான் பால் வெட்டினார். அவர் காலத்துக் கதை இது. முதல் உலகப்போருக்குப் பின் ரப்பர் விலை விழுந்தபோது, பிரிட்டிஷ் அரசு 1922-ல் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் குறிப்பிட்ட அளவுக்குமேல் ரப்பரை ஏற்றுமதி செய்யக் கூடாது. இது இறக்குமதி வரி அல்ல, ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ஆனாலும் எண்ணம் அதேதான்: சந்தையை அடைத்து நம் ஆளைக் காப்பது. 1925-ல் விலை பவுண்டுக்கு நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. தோட்ட முதலாளிகளுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் டச்சுக்காரர்கள் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. சுமத்ராவிலும் போர்னியோவிலும் சிறுதோட்டக்காரர்கள் நல்ல விலையைப் பார்த்துக் கன்று நட்டுக்கொண்டே போனார்கள். அதிக விலை கொடுத்து எரிச்சலான அமெரிக்கர்கள் வேறு இடம் தேடினார்கள். ஃபயர்ஸ்டோன் 1926-ல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் குத்தகை எடுத்தது, ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள் போனார். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டபோது மலாயாவின் சந்தைப் பங்கு சுருங்கியிருந்தது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் விலை பாதாளத்துக்குப் போக, தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியபோது கிடைத்த லாபத்தில் தனக்குப் பங்கு வந்ததாகத் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை.

இன்றைக்கு நிலை இன்னும் வேடிக்கை. உலகத்துக்கு ரப்பர் அனுப்பிய மலேசியா, இப்போது தான் விளைவிப்பதைவிட அதிக ரப்பரை இறக்குமதி செய்கிறது. உங்கள் மகள் வேலை பார்ப்பது போன்ற கையுறை ஆலைகளுக்குத் தாய்லாந்திலிருந்து பால் வருகிறது. மிச்சமிருக்கும் பால்வெட்டுக்காரர்களைக் காப்பாற்ற அந்தப் பாலுக்கு வரி போடுங்கள் என்று நாளைக்கு ஒருவர் மனு கொண்டுவந்தால், அதில் கையெழுத்துப் போடுவீர்களா? உங்கள் அப்பாவுக்காகப் போடத் தோன்றும். மகள் சம்பளத்தை நினைத்தால் கை நிற்கும்.

மகள் விஷயத்தில் வேலி இப்போது உதவவும் செய்கிறது. சீன மருத்துவக் கையுறைக்கு அமெரிக்கா 2025-ல் 50 விழுக்காடும் 2026-லிருந்து 100 விழுக்காடும் வரி வைத்தது, அந்தச் சந்தையில் நம் ஆலைகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் விற்க முடியாத சீனக் கையுறை மற்ற நாடுகளில் குறைந்த விலைக்குப் போட்டிக்கு வந்தது. அதே அமெரிக்காதான் 2025 ஏப்ரலில் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்று அறிவித்து, ஆகஸ்டில் 19-ல் வந்து நின்றது. அடுத்தவன் கட்டும் வேலி நமக்கு நிழல் தருவதும் முள்ளாவதும் அவன் வசதிப்படிதான்.

“அப்படியென்றால் புரோட்டோனுக்கு மட்டும் ஏன் கொடுத்தார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1983-ல் தேசியக் கார் நிறுவனம், 1985-ல் முதல் சாகா கார், அதைக் காக்க இறக்குமதிக் கார்களுக்குப் பெரும் வரிகள், அனுமதிப் பத்திரங்கள். அதன் ஆலை இருக்கும் தஞ்சோங் மாலிம் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழில்நுட்பர்களானது அதனால்தான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். குழந்தைத் தொழிலைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கலாம் என்பது பழைய, மதிப்பான வாதம். தென்கொரியா அதைச் செய்தபோது, ஏற்றுமதியில் வென்று காட்டு, இல்லையேல் உதவி இல்லை என்று கழுத்தைப் பிடித்தது. நாம் பிடிக்கவில்லை. விளைவாக மலேசியக் குடும்பங்கள் இரண்டு தலைமுறையாகக் காருக்கு அதிக விலை கொடுத்தன. ஒன்பது ஆண்டு தவணை நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. 2017-ல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கி உள்ளே வந்தது. உங்கள் பட்டறை குழந்தைத் தொழில் என்று சொல்ல முடியாது, அதற்கு 19 வயதாகிவிட்டது.

தம்பிக்கும் ஒரு வார்த்தை

உங்கள் தம்பி சொல்வது முழுச் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆனது. உடனே எல்லாரும் கிலோ 2 வெள்ளி 60 காசு கட்டுப்பாட்டு விலை உள்ளூர் அரிசிக்கு ஓடினார்கள், அதுவும் கடைகளில் காணாமல் போனது. எல்லாவற்றையும் வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்பவர் அந்த வாரம் உங்கள் ஊர் மளிகைக் கடையில் நின்றிருக்க வேண்டும். அதே நேரம், 1996 முதல் அரிசி இறக்குமதி ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அந்த வேலி அன்றைக்கு நம்மைக் காப்பாற்றவில்லை. உணவுக்குக் கையிருப்பும் உள்ளூர் விளைச்சலும் வேண்டும் என்பது என் கட்சி. வீட்டு கேட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது.

வாணிபத்தைத் திறப்பதும் மனிதரைக் கைவிடுவதும் ஒன்று என்று உங்கள் தம்பி நினைக்கிறார், நீங்களும் அப்படியே நினைத்துத்தான் எதிர்க்கிறீர்கள். உங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார். ரப்பர் விலையை உயர்த்தித் தா என்று கேட்டுக்கொண்டு மட்டும் அவர் உட்கார்ந்திருக்கவில்லை, தொழிலாளியின் கையில் சொத்தைக் கொடுத்தார்.

கடன் வேண்டாம், இப்போது வேண்டாம்

ஒரு கேட்டில் செலவு போக 600 வெள்ளி நிற்கிறது என்கிறீர்கள். 1,400 தவணைக்கு மாதம் இரண்டு கேட்டுக்கும் மேலே கூடுதலாகப் போக வேண்டும், அதுவும் ஏழு ஆண்டு தவறாமல். திருப்பிக் கட்டுவது மொத்தம் 1,17,600. உங்கள் தொழில் தனியுரிமையில் பதிவானது, சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) அல்ல. பட்டறையின் கடன் சட்டப்படி உங்கள் சொந்தக் கடன். தவணை நின்றால் வீடு ஏலத்துக்குப் போகும், ஏலத்தில் விழாத மிச்சத்துக்கும் நீங்களே பொறுப்பு. மொத்தக் கடன் ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டால் திவால் வழக்குப் போடவும் வழி உண்டு. உங்கள் மனைவி கையெழுத்திட மறுத்ததைப் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கணக்குப் பார்த்திருக்கிறார்.

மாற்று வழிகளை இங்கிருந்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது, உங்கள் ஊர் உங்களுக்குத்தான் தெரியும். இருந்தாலும், கண்டெய்னரில் வர முடியாத வேலை எது என்று பாருங்கள். அந்தச் சீன கேட்டுகளே இரண்டு மூன்று ஆண்டில் பழுதாகும். பேராக்கில் விழும் இடிக்கு கேட்டை இயக்கும் மோட்டார் போர்டு எத்தனை நாள் தாங்கும்? மாட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரமாட்டார், பக்கத்தில் இருப்பது நீங்கள். சுற்றிலும் செம்பனை. குலை ஏற்றும் டிரெய்லர், தள்ளுவண்டி, லோரிப் பலகை எல்லாவற்றுக்கும் வெல்டிங் வேண்டும். நாலைந்து பட்டறைகள் சேர்ந்து இரும்பை மொத்தமாக வாங்கினால் தவுக்கேயிடம் பேரம் பேசலாம். இயந்திரம் கட்டாயம் வேண்டுமென்றால், வீட்டைத் தொடாத சிறு கடனுக்குத் தெக்குன் நிறுவனம் இந்தியத் தொழில்முனைவோருக்காக நடத்தும் ஸ்பூமி கடன் திட்டத்தை முதலில் விசாரியுங்கள். பழைய கடன் ஏதும் அழுத்தினால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.யில் இலவசமாக ஆலோசனை தருவார்கள். ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஆள் குறைக்க நேர்ந்தால் சட்டம் தெரிந்து செய்யுங்கள். ஒரே வகை வேலையில் வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரரும் இருந்தால், வேலைச் சட்டத்தின் 60என் பிரிவுப்படி வெளிநாட்டவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். ஆனால் அவருக்கும் சேர வேண்டிய நோட்டீசும் பணமும் கொடுத்தாக வேண்டும். 11 ஆண்டு உங்களோடு இருக்கும் அந்த உள்ளூர் ஊழியரை நிறுத்தினால் ஆண்டுக்கு 20 நாள் வீதம் 220 நாள் கூலி, எட்டு வார நோட்டீஸ் தனி. அவருக்கு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதி வழி ஆறு மாதம்வரை உதவித்தொகை கிடைக்கும், வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கி எல்லாரையும் வைத்துக்கொள்ளலாம் என்ற உங்கள் நல்ல மனசு புரிகிறது. கடன் மூழ்கினால் அந்த 220 நாள் கூலியையும் கொடுக்க முடியாமல் போகும்.

அரசிடம் கேட்க உங்களுக்கு ஒன்று இருக்கிறது, அது சீன கேட்டைப் பற்றியது அல்ல. இரும்பு வரிகளின் விசாரணையோ மறுஆய்வோ அறிவிக்கப்படும்போது, அந்த இரும்பைப் பயன்படுத்துபவர்களும் தங்கள் பக்கத்தை எழுத்தில் சொல்லலாம். பட்டறைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. கடந்த 24 மாத இரும்பு பில்களை வரிசையாக அடுக்கி வையுங்கள். எந்த அளவு, எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை என்று தவுக்கேயிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பட்டறையின் பில்கள் சேர்ந்தால் அதற்கு எடை உண்டு. அந்தக் கடிதத்தை எழுதித் தர எனக்கு 500 வெள்ளி வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மேலே போட்ட கணக்கு முழுவதும் 1,100 வெள்ளி என்ற ஓர் எண்ணில் தொங்குகிறது. அது உங்கள் நண்பரின் ஊகம். 700-ஆகவும் இருக்கலாம், 1,500-ஆகவும் இருக்கலாம், அதற்கேற்ப எல்லாம் மாறும். அலுமினிய கேட் பொதுவாக என்ன மதிப்பில் சுங்கத்தில் அறிவிக்கப்படுகிறது என்பது போர்ட் கிள்ளானில் சரக்கு வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த நிறுவனத்தின் சரக்கு என்று கேட்க வேண்டாம், அது அவர் வேலைக்கு ஆபத்து. பொதுவான விலை என்ன என்று மட்டும் தம்பிக்குப் போன் செய்து கேளுங்கள்.